தேசம்மாவுக்குப் பாடு விழுந்த நாள்

தேசம்மா எழுந்து நின்றாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் துணிப்பந்தல் போட்டு கிராம சபை நடந்துகொண்டிருந்தது. கடல் காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்தது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா ஒருவர். அவருக்குப் பக்கத்தில், நாற்காலிகளில், எங்கள் கோட்டைக்குப்பத்து ஆம்பிளைகள். மைக்கும் அவர்கள் பக்கம்தான். எதிரே மணலில் பாய் விரித்து நாங்கள் ஐம்பது பெண்கள்.

எங்களுக்கும் மேஜைக்கும் நடுவே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேசம்மா நின்றாள். இடுப்பில் அவளுடைய இரண்டு வயசுப் பெண். குழந்தை மட்டும் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டு, வாயில் எதையோ போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா, பெண்கள் பக்கத்திலிருந்து என்ன கோரிக்கை?" என்றார் அதிகாரியம்மா.

நான் காத்திருந்தேன். பந்தல் அடித்தது. எங்கோ காயப்போட்ட கருவாட்டு வாசனை காற்றோடு வந்தது. தேசம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என் வாய்க்குள் மொத்தக் கோரிக்கையும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் கொட்டியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது. அன்றைக்குப் பேசுகிற பாடு என்னுடையது இல்லை.

மூன்றாம் வகுப்புக்காரி

போன வாரம் ஐஸ் ஷெட் வைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, நீங்கள் அரசியலில் இருந்தீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எந்தக் கொடியும் பிடித்ததில்லை. ஓட்டுக்கு நின்றதில்லை. ஆனால் பழவேற்காட்டில் ஒரு பால்வாடியின் கதவை விடியலில் திறக்க வைத்தவள் இந்த மங்கம்மாதான் என்று எந்தக் குப்பத்தில் கேட்டாலும் சொல்வார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் கூடச் சொல்வார்கள், அவர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது என்றாலும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கு என் பெயரில் மூன்று பைபர் படகு ஓடுகிறது. சென்னையிலிருந்து இறால் வாங்க வருகிற எறா வியாபாரி என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். இந்தத் தொடரையும் என் கையால்தான் எழுதுகிறேன். கமா, புள்ளி மட்டும் ஆசிரியர் தம்பி போட்டுக்கொள்கிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. பால்வாடிக் கதையை இருபது மேடையில் சொல்லியிருக்கிறேன். இப்போது அது எனக்கே புரியாமல் போய்விட்டது. எதனால் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

செத்துப்போன வெள்ளைக்காரன் பார்த்துக்கொண்ட பிள்ளைகள்

எங்கள் வேலை விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். வலைக்குப் போன ஆம்பிளைகள் ஐந்தரை மணிக்குள் கரை சேருவார்கள். மீன் இறங்கும் இடத்தில் பெண்கள் நின்றால்தான் ஏலத்தில் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியும். பால்வாடி திறப்பதோ பத்து மணிக்கு. அதுவரை பால்குடி மறந்த குழந்தையை எங்கே விடுவது?

ரொம்ப நாளாக நாங்கள் விட்ட இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டச்சுக்காரன் கல்லறையில் விட்டோம்.

ஊருக்குள் அது ஒன்றுக்குத்தான் நாலு பக்கமும் உருப்படியான மதில் சுவர். எப்போதோ இங்கே வந்து துணி வியாபாரம் பண்ணி, கோட்டை கட்டி, காய்ச்சல் வந்து செத்தவர்கள் உள்ளே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து பயப்படுவார்கள். எங்கள் பிள்ளைகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகின. எழுத்து வெட்டிய வழவழப்பான கல்லில் குப்புறப் படுத்துத் தூங்கும். வயசுப் பெண் ஒருத்தி வாசலில் குந்தியிருந்தால் போதும், ஒரு குழந்தை வெளியே போக முடியாது.

"வெள்ளைக்காரன் நம்ம ஊர்ல பண்ண ஒரே நல்ல காரியம் இதான்க்கா. செத்து சுவரு கட்டிக்கினான்" என்பாள் ராணி. ராணி என் சித்தி மகள். அவள் வாயைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

ஏரிக்கு பைபர் படகு வந்த புதிதில், ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கல்லறை வாசலில் தொல்லியல் துறைக்காரர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள். பழைய கல்லெல்லாம் பாழாகிறதாம், இனி யாரும் உள்ளே போகக்கூடாதாம். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் மணலுக்கு வந்துவிட்டார்கள்.

பூட்டு விழுந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. ராணியின் சின்னப் பெண், நடை பழகின குழந்தை, ஏரிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். வலை அலசிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துத் தூக்கினார். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் சேறு. ராணி அன்றைக்குக் கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினாள். பொறுக்க ஆளில்லாமல் மீன் அங்கேயே கிடந்தது.

அதற்கப்புறம் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு ஏலத்துக்கு வந்தார்கள்.

தேசம்மாவும் கட்டினாள். அவளுக்கு மாமியார் இல்லை, அம்மா வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். புருஷன் வலையில். நைலான் கயிற்றை அளந்து வெட்டியிருந்தாள். குழந்தை வாசற்படி வரை வரலாம். அடுப்பை எட்ட முடியாது. இடுப்பில் உறுத்தாமல் இருக்க பழைய புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். ஒரு நாள் விடியலில் அந்த வழியாகப் போனேன். குழந்தை கயிறு இழுத்த தூரம் வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றது. அழுது முடித்துவிட்டிருந்தது.

பால்வாடி ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான். ஒரு கதவு, ஐந்து மணி நேரம் முன்னால்.

நான் கண்டுபிடித்த சட்டம்

முதல் கிராம சபையில் நானே பேசினேன். அரை மணி நேரம். அப்படி ஒரு பேச்சை இந்த ஏரிக்கரை கேட்டதில்லை. நான் உட்கார்ந்ததும் எங்கள் நாட்டார் மைக்கைப் பிடித்தார். நாட்டார் என்றால் ஊர்ப் பெரியவர், ஊர்க் கூட்டத்துக்குத் தலைவர்.

"இது ஊர்ப் பொம்பளைங்க கேக்குறது இல்ல சார். மங்கம்மா ஒருத்தி கேக்குறது. இவ ஐஸ் ஷெட்டுக்கு வேலைக்கு ஆளு சீக்கிரம் வரணும், அதுக்கு ரோசனை பண்ணுது."

ஆம்பிளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு வந்திருந்த அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோரிக்கை போச்சு.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் யோசனை வந்தது. அது என் யோசனைதான். இதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரி ஒன்று, வலை நிறைய. நல்ல எறா ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதனால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள்: இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு. அது அவனுடைய பாடு. அன்றைக்கு அவன் காய்ச்சலில் படுத்துக்கொண்டாலும் சரி, எறா துள்ளிக் கரையில் விழுந்தாலும் சரி, இன்னொருத்தன் அங்கே வலை வைக்க மாட்டான். வைத்தால் ஊரே அவனை நிற்க வைத்துக் கேட்கும். அந்தச் சீட்டில் பெண்களுக்கு என்றைக்கும் பெயர் இருந்ததில்லை.

நான் ராணியிடம் சொன்னேன். "இனிமே கிராம சபையில பேசறதுக்கு நமக்கும் பாடு. யாருக்கு விழுதோ அவ பேசணும். மத்தவ வாயத் தொறக்கக் கூடாது. அப்புறம் எப்படி ஒருத்தி ஆசைனு சொல்லுவானுங்க?"

"விழுந்தவளுக்குப் பேச வரலனா?"

"வரலனாலும் அவ பாடுதான். அவன் காய்ச்சல்ல கெடந்தா நீ போய் வலை வைப்பியா?"

"நீ வாய மூடிக்கினு குந்தப் போறியாக்கா? அதப் பாக்கறதுக்காவது நான் வரேன்" என்றாள் ராணி.

ஐஸ் ஷெட்டில் கூடினோம். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் சீட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு பொருள் ஒரு சொம்பில் போட்டோம். உடைந்த வளையல், சாவி, சோடா மூடி, தலைப்பின். தேசம்மா தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிப் போட்டாள். அவள் குழந்தையே சொம்பில் கையை விட்டு எடுத்தது.

ஊக்கு வந்தது.

தேசம்மா அதைத் திரும்பச் சொம்பில் போடப் பார்த்தாள். "அக்கா, எனக்கு வேணாம்க்கா. வேற எடுங்கக்கா. நான் ஊட்டுலயே பேசமாட்டேன்."

"விழுந்தது விழுந்ததுதாம்மே. எம்புள்ளையா எடுத்துச்சு? உம்புள்ளதான எடுத்துச்சு" என்றேன்.

நாலு நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "மாண்புமிகு" என்று ஆரம்பிக்கச் சொன்னேன். அதை அவள் நாக்கு பிடிக்கவே மறுத்தது. ஷெட்டில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கொஞ்சம் சத்தமா பேசித் தொலையேன்மே."

"பேசிக்கினுதான்க்கா கீறேன். உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லை. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பாயை உதறிக்கொண்டு

ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். தேசம்மா உட்கார்ந்துவிட்டாள். அதிகாரியம்மா குனிந்து எதையோ எழுதினார். அடுத்தது தெருவிளக்கு என்றார்.

நாட்டார் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "இன்னாமே, இம்மாம் பெரிய படை வந்துச்சு, வாயில முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றார். நாற்காலிகள் எல்லாம் சிரித்தன.

என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணி என்னைப் பார்த்தாள். ஐம்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. ஊர்ச் சந்தையில் ஒரு மீனுக்கு நாற்பது பேச்சுப் பேசுகிறவர்கள்.

கூட்டம் கலைந்து பாயை உதறும்போது ராணி பிடித்துக்கொண்டாள். "உன் சட்டத்தைக் கொண்டுபோய் ஏரியில போடு. எம்பொண்ணு தண்ணியில நின்னுச்சு, நான் எந்திரிச்சு சொல்லியிருப்பேன். உன்னால கம்முனு குந்திக்கினேன்."

"பாடுனா பாடுதான்" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

தேசம்மா எங்களுக்கு முன்னால் குழந்தையோடு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் குழந்தையைக் கம்பத்தில் கட்டிவிட்டு ஏலத்துக்கு வந்தாள். நான் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. புண்ணைக் கிளற வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

எரிந்த விளக்கு

ஒரு மாதம் போயிருக்கும். ஏலத்துக்குப் போகிற வழியில் பால்வாடி ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. திருடனோ என்று கதவைத் தள்ளினேன். பால்வாடி ஆயா தூக்கக் கலக்கத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆயா, இந்நேரத்துல?"

"ஆர்டராம். இன்னிலேர்ந்து அஞ்சு மணிக்குத் தொறக்கணுமாம். என் தலையெழுத்து."

"யார் போட்ட ஆர்டரு?"

"மேலேர்ந்து. எனக்கின்னா தெரியும்? பேஜாராப் பூடுச்சு போ."

யாரால் நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாட்டார் தான் சொல்லித்தான் நடந்தது என்றார். யாரும் நம்பவில்லை. முதல் சபையில் நான் பேசிய அரை மணி நேரப் பேச்சு மெதுவாக மேலே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் சொன்னேன். அதை எல்லோரும் நம்பினார்கள். ராணி கூட நம்பினாள். மகளிர் குழுவில் எனக்கு மாலை போட்டார்கள். தேசம்மாவும் வந்து கையைத் தட்டினாள்.

அப்புறம் காட்டுப்பள்ளியில் துறைமுகம் வேண்டாம் என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோதும், பள்ளிக்கூடத்து நேரத்துக்கு பஸ் கேட்டபோதும், என்னைத்தான் முன்னால் உட்கார வைத்தார்கள். பால்வாடி மங்கம்மா. அதுதான் என் பட்டம்.

மிஷினை நிறுத்தினேன்

இந்த வாரத்துக்கு எதை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டு ஐஸ் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். தேசம்மா ஐஸ் வாங்க வந்தாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகள் அதே பால்வாடிக்குப் போகின்றன.

இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "ஏம்மே, கதை எழுதப் போறேன், சொல்லு. அன்னிக்கு சபையில ஏன் ஊமையாட்டம் நின்ன?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"இன்னா? கேக்கல."

"நான் பேசினேனேக்கா."

"எப்போ?"

"அன்னிக்குத்தான். எல்லாத்தையும் சொன்னேனே. நீ சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சு. நானா சொன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டுக் கேட்டாங்க. கொழந்த சப்பிக்கினு இருந்த கயித்தப் பாத்தாங்க. அவுக்க நேரமில்லாம கம்பத்துல மட்டும் அவுத்துட்டு, இடுப்புக் கயித்தோட தூக்கினு வந்துட்டேன்ல? அதான்."

"நாட்டாரு சிரிச்சாரே, வாயில முள்ளானு?"

"அவருக்கு எங்க கேட்டுச்சு? அந்தம்மா கேட்டா போதும்னு நெனச்சேன். நீங்களும் கேட்டீங்கனு நெனச்சேன்."

"அப்போ ஏன் யாராண்டயும் சொல்லல?"

"இன்னா சொல்றது? என் பாடு, நான் பேசினேன். ராணிக்கா உன்ன ஏசினது, 'ஏன் இவள பேச விட்ட'னு ஏசுறாங்கனு நெனச்சேன். நீ அதுக்கப்புறம் எங்கிட்ட அதப்பத்திப் பேசவே இல்லியா, நான் தப்பா பேசிட்டேன் போலனு கம்முனு இருந்துட்டேன்."

அவள் ஐஸைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நேரே ராணி வீட்டுக்குப் போனேன். ராணி சொல்கிறாள், அவள் பேசவே இல்லை, சாமி மேல சத்தியம். பின்வரிசையில் இருந்த இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தி பேசினாள் என்கிறாள், ஒருத்தி இல்லை என்கிறாள். நாட்டார் வயசாகிக் கட்டிலில் கிடக்கிறார். அவரையும் விடவில்லை. "பொம்பளைங்க பேசி நான் எப்போ காது குடுத்துக் கேட்டேன் மங்கம்மா? என்னைப் போய் சாட்சி கேக்குற" என்றார். அந்த அதிகாரியம்மா எங்கே மாறிப் போனாரோ தெரியாது.

நான் அன்றைக்கு என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பந்தல் துணி அடித்தது ஞாபகம் இருக்கிறது. கருவாட்டு வாசனை இருக்கிறது. குழந்தை எதையோ சப்பியது இருக்கிறது. அது கயிறு என்று கண்ணில் படவில்லை. கயிறு எங்களுக்குப் பழகிப்போன சாமான். அதற்கு மேல் ஞாபகத்தில் இருப்பது முழுக்க என் பேச்சுதான். மாண்புமிகு என்று ஆரம்பித்து, உள்ளுக்குள் நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சத்தமாக. எதிரே ஒருத்தி மெதுவாகப் பேசியிருந்தால் என் காதில் விழுந்திருக்குமா?

அல்லது அவள் பேசவே இல்லையா? இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி, சொன்னதாகவே ஆகிவிட்டதா? எனக்கு அப்படி ஆகலாம் என்றால் அவளுக்கும் ஆகலாம் அல்லவா? தெரியவில்லை. மூன்று பைபர் படகுக்குச் சொந்தக்காரி சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் தேசம்மா வந்தபோது, "இன்னா சொன்னேனு முழுசா சொல்லுமே" என்றேன். அவள் ஆரம்பித்தாள். கேட்கவில்லை. எழுந்துபோய் ஐஸ் உடைக்கிற மிஷினை நிறுத்தினேன். ஏற்றுமதி எறாவுக்கு ஐஸ் கேட்டு நின்றவன் கத்தினான். இருடா என்றேன். அப்படியும் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு எதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நான் விடிய ஏலத்துக்குப் போறேன். எம்பொண்ணைக் கம்பத்துல கட்டிட்டுப் போறேன். அது அழறது தெருமுனை வரைக்கும் கேக்கும். அப்புறம் கேக்காது. நின்னுடுச்சா, நான் தூரம் வந்துட்டனானு தெரியாது. அது தெரியாமதான் தெனமும் மீனு விக்கிறேன். ஒரு கதவு சீக்கிரம் தொறந்தீங்கனா போதும்."

என் அரை மணி நேரப் பேச்சில் இதில் ஒரு வரி கூட இல்லை.

வருகிற சபைக்கு மறுபடி சொம்பில் போட்டு எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் டாக்டர் வேண்டும் என்று கேட்கப் போகிறோம். ராணியின் மருமகளுக்குப் பாடு விழுந்திருக்கிறது. அவளும் வாய்க்குள்ளேயே பேசுகிற பெண். நான் பாயில் உட்காரப் போவதில்லை. மேஜைப் பக்கம், அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். நாற்காலிக்காரர்கள் நகர்ந்து உட்காரட்டும்.